பப்ளிசிஸ்ட், பி.ஆர்.ஓ., விளம்பரதாரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் டைப்பிங், மொழிபெயர்ப்பு, செய்திக்குறிப்பு எழுதித் தருவது என் வேலை. கலெக்டர் ஆபீஸும் கோர்ட்டும் பக்கத்தில் என்பதால் பயோடேட்டா போட வரும் பிள்ளைகள், நோட்டீஸ் அடிக்க வரும் சங்கத்தார், சட்டம் படிப்பவர்கள் எனப் பலரும் வந்துபோவார்கள். 'பப்ளிசிஸ்ட்' என்ற சொல்லும் அதைச் சுற்றியுள்ள சொற்களும் இவர்கள் எல்லோரையும் குழப்புகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைக் குறித்துவைத்து, பதிலோடு இங்கே தந்திருக்கிறேன்.

பப்ளிசிஸ்ட்னா இன்னா வேலை சார்? சிம்பிளா சொல்லுங்க.

ஒரு மனிதரையோ நிறுவனத்தையோ படத்தையோ புத்தகத்தையோ ஊருக்குத் தெரியவைப்பதைத் தொழிலாகச் செய்பவர். செய்திக்குறிப்பு எழுதுவார், நிருபர்களை அழைப்பார், பேட்டிக்கு ஏற்பாடு செய்வார், தவறான செய்தி வந்தால் மறுப்பு அனுப்புவார். பத்திரிகையில் காசு கொடுத்து இடம் வாங்குவது அவர் வேலை இல்லை. விஷயம் செய்தியாகவே வரும்படி பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

தமிழ்ல இதுக்கு ஒரே ஒரு வார்த்தை கிடையாதா?

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே சொல் இல்லை. அரசு அலுவலகத்தில் 'செய்தி மக்கள் தொடர்பு அலுவலர்' என்கிறார்கள். சினிமாவில் 'மக்கள் தொடர்பு' என்று போட்டு ஆள் பெயர் வரும். பேச்சில் எல்லாமே பி.ஆர்.ஓ. தான், அதாவது 'பப்ளிக் ரிலேஷன்ஸ் ஆபீசர்'. தனியார் துறையில் இந்த வேலை செய்பவரை 'மக்கள் தொடர்பாளர்' என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது, படிக்கிறவர்களுக்கும் உடனே புரிகிறது. 'விளம்பரர்' என்று புதிதாகச் செய்து எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வாசகர் அந்த இடத்தில் தடுக்கி நின்றுவிடுகிறார்.

விளம்பரதாரர்னு போட்டா போதாதா? விளம்பரம் பண்றவர்தானே அவரு?

போதாது, பொருளே மாறிவிடும். விளம்பரதாரர் என்பவர் காசு கொடுத்து விளம்பரம் போடுபவர். காந்தி ரோட்டு ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடிக்கு அரைப்பக்க விளம்பரம் கொடுத்தால் அவர்தான் விளம்பரதாரர். வானொலியில் 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்றால் ஒரு கம்பெனி செலவு ஏற்கும் நிகழ்ச்சி என்றுதான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

ஒரு பிள்ளை பயோடேட்டாவில் 'விளம்பரதாரராகப் பணிபுரிந்தேன்' என்று எழுதிக்கொண்டு வந்தான். வேலைக்கு எடுப்பவர் அதைப் படித்தால், இவன் சம்பளம் வாங்கினானா, காசு கொடுத்தானா என்றே குழம்புவார்.

அப்போ விளம்பரம்ங்கிறதே காசு குடுத்துப் போடறதுக்குன்னு வந்த வார்த்தையா?

இல்லை, அந்தப் பொருள் பின்னால் வந்தது. 'விளம்புதல்' என்றால் சொல்லுதல், வெளிப்படையாக அறிவித்தல். அதிலிருந்து பிறந்த விளம்பரம் என்ற சொல்லுக்கு நெடுநாள் பொருள் 'அறிவிப்பு'. அரசன் குடிமக்களுக்கு வெளியிடுவதும் விளம்பரம்தான்.

மலையாளத்தில் இந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராக மக்களைத் திரட்டி விடுத்த அறிக்கையை அவர்கள் 'குண்டறை விளம்பரம்' என்கிறார்கள். 1936இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் கதவுகளை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்ட ஆணை 'க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம்'. இரண்டிலும் விற்பனை எதுவும் இல்லை.

நம் பக்கத்திலும் மத்திய அரசின் 'கள விளம்பரத் துறை' என்ற பெயர் வெகுநாள் இருந்தது. கிராமம் கிராமமாக வேனில் போய்த் தடுப்பூசி, குடும்பநலம் பற்றிப் படம் போட்டுக் காட்டிய துறை அது. அந்தப் பெயரில் உள்ள விளம்பரம், ஆங்கிலத்தின் 'பப்ளிசிட்டி'. சோப்பு விளம்பரத்தில் உள்ளது 'அட்வர்டைஸ்மென்ட்'. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லைப் புழங்குவதால்தான் முந்தைய கேள்வி எல்லோருக்கும் வருகிறது.

பப்ளிசிஸ்ட் இங்கிலீஷ் வார்த்தையா? எங்கேர்ந்து வந்துச்சு?

வேர் லத்தீன். மக்கள் என்ற பொருளுள்ள 'பாப்புலஸ்' என்ற சொல்லோடு உறவுள்ளது 'பப்ளிகஸ்', அதாவது மக்களுக்குரியது, பொதுவானது. அதிலிருந்து பிரெஞ்சில் 'பப்ளிசிஸ்த்' வந்தது. ஆங்கிலம் அதை 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் எடுத்துக்கொண்டது.

ஆனால் அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் கிடையாது. நாடுகளுக்கு இடையிலான சட்டத்தையும் பொதுச் சட்டத்தையும் கரைத்துக் குடித்த அறிஞரைத்தான் பப்ளிசிஸ்ட் என்றார்கள். கொஞ்ச காலத்திலேயே நாட்டு நடப்பைப் பற்றிப் பொறுப்போடு எழுதுபவருக்கும் அது ஆனது. ஒருவரைப் பிரபலப்படுத்தும் ஆள் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில், 1920களை ஒட்டித்தான் நிலைபெற்றது. ஜெர்மனிலும் ரஷ்ய மொழியிலும் இதே சொல் இன்றும் அரசியல், சமூகம் பற்றி எழுதுபவரையே குறிக்கிறது. அந்த மொழிகளிலிருந்து வரும் கட்டுரையை மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுத்தாளர் ஒருவரைக் கம்பெனி பி.ஆர்.ஓ. ஆக்கிவிடும் அபாயம் நிஜமாகவே உண்டு.

என் பொண்ணு லா படிக்குது. அது புஸ்தகத்துல 'மிகவும் தகுதி வாய்ந்த பப்ளிசிஸ்டுகளின் போதனை'ன்னு இருக்கு. சர்வதேச கோர்ட்டுக்கு எதுக்குங்க பி.ஆர்.ஓ.?

அங்கே இருப்பது பழைய பொருள். சர்வதேச நீதிமன்றம் 1945இல் உருவான அதன் சட்டவிதிப்படி இயங்குகிறது. அதில் 38ஆவது பிரிவு, நீதிபதிகள் எதையெல்லாம் அடிப்படையாகக் கொள்ளலாம் என்று சொல்கிறது. உடன்படிக்கைகள், நாடுகளின் வழக்கம், சட்டத்தின் பொதுக் கோட்பாடுகள் ஆகியவற்றுக்குப் பிறகு துணைச் சான்றுகளாக நீதிமன்றத் தீர்ப்புகளையும், பல நாடுகளின் தகுதிமிக்க 'பப்ளிசிஸ்டு'களின் எழுத்துகளையும் சேர்க்கிறது. முந்தைய பதிலில் சொன்ன சட்ட அறிஞர்கள்தான் இவர்கள். 'சர்வதேசச் சட்ட வல்லுநர்கள்' என்று மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

உலகின் பெரிய நீதிமன்றம் இன்னும் இந்தப் பழைய பொருளை வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பொதுமக்களுக்குரியதைத் தெளிவாக அறிந்து எடுத்துச் சொல்பவர் என்ற மதிப்பு ஒரு காலத்தில் இந்தச் சொல்லுக்கு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பழைய இங்கிலீஷ் புக்குல சுதந்திரப் போராட்டத் தலைவர்களை பப்ளிசிஸ்ட்னு போட்டிருக்காங்க. அது மட்டம் தட்டறதா?

இல்லை, மரியாதை. ஜி. சுப்பிரமணிய ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1878இல் 'இந்து' பத்திரிகையைத் தொடங்கிய அறுவரில் ஒருவர், 1882இல் 'சுதேசமித்திரன்' தொடங்கியவர், 1885இல் பம்பாயில் கூடிய காங்கிரஸின் முதல் கூட்டத்தில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர். நாட்டுக்கு எது நல்லது என்று எழுதியும் பேசியும் வாழ்ந்த இப்படிப்பட்டவர்களைத்தான் அக்கால ஆங்கிலம் பப்ளிசிஸ்ட் என்றது.

'பப்ளிசிட்டி' என்ற சொல்லுக்கும் அப்போது கெட்ட வாடை இல்லை. நீதிக்கு உயிர் போன்றது பப்ளிசிட்டி என்ற பொருளில் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் எழுதினார். வழக்கு மூடிய அறையில் நடக்காமல் எல்லோரும் பார்க்க நடக்க வேண்டும் என்பது அவர் கருத்து, நம் உச்சநீதிமன்றமும் அதை எடுத்துக்காட்டியிருக்கிறது. பகிரங்கமாக இருத்தல், அவ்வளவுதான். 'பப்ளிசிட்டிக்காகப் பண்றான்' என்று இன்று திட்டுகிறோமே, அந்தப் பொருள் நேர் எதிர்த் திசையில் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் எப்போ சார் இது சினிமா, கம்பெனி வேலையா மாறிச்சு?

அமெரிக்காவில் மாறியது. 19ஆம் நூற்றாண்டில் பி.டி. பார்னம் போன்ற சர்க்கஸ், காட்சிக்கூட முதலாளிகள் ஊருக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பத்திரிகைகளில் பரபரப்பு கிளப்பினார்கள். அந்த ஆளை 'பிரஸ் ஏஜெண்ட்' என்றார்கள். பொய்யும் மிகையும் கலந்த வேலை என்று அந்தப் பெயர் கெட்டுப்போனது. வேறு பெயர் தேவைப்பட்டபோது, மதிப்போடு இருந்த 'பப்ளிசிஸ்ட்' கைக்கு வந்தது.

இந்த மாற்றத்தில் இரண்டு பேரைத் தெரிந்துகொள்வது நல்லது. கம்பெனிகளுக்காகப் பத்திரிகைகளோடு பேசும் வேலை செய்த ஐவி லீ 1906இல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார்: எங்கள் வேலை ரகசியமானது இல்லை, வெளிப்படையாகச் செய்கிறோம், தருகிற தகவலைப் பத்திரிகைகள் சரிபார்க்க உதவுகிறோம் என்று. அதே ஆண்டு அவர் ஆலோசனை சொல்லிவந்த பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று அட்லாண்டிக் சிட்டி அருகே விபத்துக்குள்ளானது. விபத்தை மூடி மறைப்பதே கம்பெனிகளின் வழக்கமாக இருந்த காலத்தில் அவர் நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போனார், எழுத்தில் அறிக்கையும் கொடுத்தார். இன்று நாம் எழுதும் செய்திக்குறிப்புக்கு அதை முன்னோடி என்கிறார்கள்.

இன்னொருவர் எட்வர்ட் பெர்னேஸ், மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டின் சகோதரி மகன். 1929 ஈஸ்டர் ஊர்வலத்தில் நியூயார்க் தெருவில் இளம்பெண்களைச் சிகரெட் பிடித்தபடி நடக்கவைத்து, அதைப் பெண் விடுதலையின் தீப்பந்தம் என்று செய்தியாக்கினார். பின்னால் இருந்தது ஒரு சிகரெட் கம்பெனி என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஐவி லீயையும் குறை சொன்னவர்கள் உண்டு, 1914க்குப் பிறகு ராக்ஃபெல்லர் குடும்பத்துக்காக அவர் செய்த வேலை கடும் கண்டனத்துக்கு ஆளானது. ஆனாலும் அந்த 1906 அறிக்கையை இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் படிக்க வேண்டும் என்பேன். யாருக்காகப் பேசுகிறேன் என்பதை மறைக்கக் கூடாது என்ற ஒன்றை விட்டுவிட்டால் இந்தத் தொழிலில் ஏமாற்று மட்டும்தான் மிஞ்சும்.

பிரச்சாரமும் இதுவும் ஒண்ணுதானே? 'புரொபகண்டா'ன்னு சொல்றாங்களே.

உறவுள்ளவை, ஆனால் ஒன்றில்லை. 1622இல் போப் 15ஆம் கிரகோரி கத்தோலிக்க விசுவாசத்தைப் பரப்ப ரோமில் ஒரு சபை அமைத்தார். அதன் லத்தீன் பெயரில் இருந்த 'புரொபகாண்டா' என்பதற்கு, பரப்பப்பட வேண்டியது என்று பொருள். நம் கட்சிகளில் 'கொள்கை பரப்புச் செயலாளர்' என்ற பதவி இருக்கிறதே, ஏறக்குறைய அதே கருத்து. 1983இல் அ.தி.மு.க.வில் ஜெயலலிதா ஏற்ற முதல் பெரிய பொறுப்பு அதுதான்.

பிரச்சாரகர் ஒரு கொள்கையை ஏற்கவைக்கப் பார்க்கிறார், அந்தக் கொள்கை பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். பப்ளிசிஸ்ட் சம்பளத்துக்கு இன்னொருவர் பெயரைக் கொண்டுசேர்க்கிறார். உலகப் போர்களுக்குப் பிறகு 'புரொபகண்டா' என்ற சொல் நாறிப்போனதால், அதே வேலையைச் செய்தவர்களும் 'மக்கள் தொடர்பு' என்ற பெயருக்கு மாறிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம்ம ஊர்ல தமுக்கு அடிச்சவங்கதான் முதல் பப்ளிசிஸ்டுன்னு ஒருத்தர் மேடையில பேசினாரு. சரியா?

எனக்கு உடன்பாடில்லை. மணிமேகலையின் முதல் காதை 'விழாவறை காதை'. புகார் நகரில் 28 நாள் இந்திர விழா நடக்கப்போகிறது என்று யானைமேல் முரசேற்றி அறிவிக்கிறார்கள். தெருவில் புது மணல் பரப்புங்கள், தோரணம் கட்டுங்கள், பகைவரோடும் சண்டை வேண்டாம் என்றெல்லாம் அந்த அறிவிப்பில் வருகிறது. அது அரசின் ஆணை, ஊருக்கே தெரிந்த குரல். யாரையும் பிரபலப்படுத்தும் வேலை அதில் இல்லை. முன்பே பார்த்த 'அறிவிப்பு' என்ற பொருளில் அது விளம்பரம், அவ்வளவுதான். கேட்ட ரகசியத்தை ஊரெல்லாம் சொல்லித்திரியும் கயவரை 'அறைபறை'க்கு ஒப்பிடுகிறது 1076ஆம் குறள். பறை என்றாலே பகிரங்கம் என்பது அக்காலத்தில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்று அதில் தெரியும்.

கிராமங்களில் தண்டோரா போட்டவர்கள் விஷயம் வேறு. குறிப்பிட்ட சாதியார் மீது கட்டாயமாக ஏற்றப்பட்ட வேலை அது, ஊர்க்கோடியில் நின்று அடிக்க வைத்தார்கள். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தி ஒலிபெருக்கி பயன்படுத்தச் சொன்னதற்குக் காரணமும் அதுவே. அவர்களைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து 'முதல் பப்ளிசிஸ்ட்' என்று பேசினால், அவர்கள் பட்ட அவமானம் மறைந்துபோகும்.

சினிமா டைட்டில்ல பி.ஆர்.ஓ. பேரு யாருக்கு முதல்ல வந்துச்சு?

தமிழில் அந்த இடம் பிலிம் நியூஸ் ஆனந்தனுக்கு. எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய 1958ஆம் ஆண்டின் 'நாடோடி மன்னன்' படத்தில் தொடங்கியது. புகைப்படக்காரராக இருந்த அவர் படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அது தனி வேலையாக உருவெடுத்தது. அதற்குப் பிறகு அவர் தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களையும் படங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்தார், 2016இல் காலமானார். தமிழ் சினிமா வரலாறு எழுதும் யாரும் அவர் சேகரிப்பைத் தொடாமல் எழுத முடியாது.

கலெக்டர் ஆபீஸ் பி.ஆர்.ஓ.வும் ஆஸ்பத்திரி பி.ஆர்.ஓ.வும் ஒரே வேலையா?

பெயர்தான் ஒன்று. கலெக்டர் அலுவலகத்தில் இருப்பவர் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் மாவட்ட அலுவலர். ஆய்வுக் கூட்டம், நலத்திட்ட விழா, வெள்ள எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் செய்தி வெளியீடு அவரிடமிருந்து போகும். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனி அலுவலகம். ஆம்பூர்க்காரர்கள் இன்னும் பழக்கத்தில் வேலூருக்கு மனு கொண்டுவருகிறார்கள், அவர்கள் போக வேண்டியது திருப்பத்தூர்.

ஆஸ்பத்திரியில் பி.ஆர்.ஓ. என்றால் வேலூர்க்காரர்களுக்குத் தெரியும்: வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஃபைலோடு வந்து இறங்கும் நோயாளிக்கு எந்தக் கட்டடம், எந்த கவுண்டர், எப்போது டாக்டர் என்று சொல்லும் இடம். பப்ளிசிட்டியோடு சம்பந்தமே இல்லை. மக்கள் தொடர்பு என்ற பெயருக்கு உண்மையாக வேலை செய்பவர்கள் இவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

காலேஜ் விழாவுல ஐடா ஸ்கடர் அம்மாவை வேலூரோட முதல் பப்ளிசிஸ்டுன்னு பேசப்போறேன். ஓகேவா?

வேண்டாம் தம்பி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய அவர் அமெரிக்காவில் மேடையேறி வேலூருக்காகப் பேசிப் பணம் திரட்டியது உண்மை. படிப்பு முடிந்து திரும்பும் முன் அங்கே ஒருவரிடம் 10,000 டாலர் பெற்றார். பணம் கொடுத்தவருடைய மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல் பெயரில் 40 படுக்கைகளோடு 1902இல் மருத்துவமனை திறந்தது. பிறகு 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது.

ஆனால் அவர் டாக்டர். தன் வேலைக்காகத் தானே பேசினார், யாருக்காக என்பது கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். தொழில்முறை பப்ளிசிஸ்ட் என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது. 'வேலூரின் தேவையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்' என்று பேசினால் அவர் செய்ததும் விளங்கும், சொல்லும் பிசகாது.

டாக்டரோ வக்கீலோ பப்ளிசிஸ்ட் வெச்சிக்கலாமா?

இந்தியாவில் இரண்டு தொழிலுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், நோயாளிகளை நேராகவோ சுற்றிவளைத்தோ இழுப்பதைத் தடுக்கின்றன. கிளினிக் தொடங்கியது, முகவரி மாறியது போன்ற சில சங்கதிகளை மட்டும் பத்திரிகையில் அறிவிக்கலாம். வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சிலின் 36ஆம் விதி. விளம்பரம், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது மட்டுமல்ல, தான் நடத்தும் வழக்கு பற்றிப் பத்திரிகையில் செய்தி கிளப்புவதும் போட்டோ வரவைப்பதும் அதன்படி தவறு. 2008க்குப் பிறகு பெயர், முகவரி, தகுதி போன்ற விவரங்களை இணையதளத்தில் போட அனுமதி வந்தது.

பிரியாணிக் கடைக்கு வீடியோ போடற யூடியூபர் பப்ளிசிஸ்டா, விளம்பரதாரரா?

கடைக்காரர் காசு கொடுத்திருந்தால் கடைக்காரர் விளம்பரதாரர், யூடியூபர் விளம்பரம் செய்பவர். பப்ளிசிஸ்ட் என்று யாராவது இருந்தால், அந்த இருவரையும் சேர்த்துவைத்த மூன்றாவது ஆள்தான் அவர். காசு வாங்காமல், பிடித்திருந்ததால் போட்டார் என்றால் அவர் வெறும் விமர்சகர்.

காசோ இலவசச் சாப்பாடோ வாங்கியிருந்தால் அதை வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்த 2022 விதிகளும் விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் விளம்பரம் தருபவருக்கும் உள்ள தொடர்பை வெளியிடச் சொல்கின்றன. ஐவி லீயின் அறிக்கை பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்.

பப்ளிசிஸ்ட், பப்ளிஷர் ரெண்டும் ஒண்ணா? நோட்டீஸ் கீழ என் பேரை எப்படிப் போடறது?

வேர் ஒன்று, வேலை வேறு. பப்ளிஷர் வெளியிடுபவர், அச்சில் உள்ளதற்குச் சட்டப்படி பொறுப்பு அவர் மீது விழும். நோட்டீஸின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் பப்ளிசிஸ்டாக இருக்கலாம், அவர் பெயர் அதில் வரவேண்டிய கட்டாயம் இல்லை. சங்கத்து நோட்டீஸ் என்றால் வழக்கம்போல் 'இவண்' போட்டு சங்கத்தின் பெயரும் பொறுப்பாளர் பெயரும் போடுங்கள்.

தேர்தல் நோட்டீஸில் மட்டும் கவனம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் நோட்டீஸில் இருந்தே ஆக வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது வெளியிடுபவர் தான் யார் என்று உறுதிமொழி எழுதி, தன்னை நேரில் தெரிந்த இரண்டு பேரிடம் சான்றொப்பம் வாங்கி, இரண்டு பிரதி தர வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உறுதிமொழி இல்லாமல் எந்த அச்சகமும் தேர்தல் நோட்டீஸ் அடித்துத் தரக் கூடாது, அவசரம் என்று சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.